வலது பக்கத்துக் கிணறு

கொம்பியூட்டர் அறைக்குள் போகிறவர்கள் செருப்பை வாசலிலே கழற்றிவிட வேண்டும். தூசி ஆகாதென்று கொழும்பிலிருந்து அதைக் கொண்டுவந்து பூட்டியவர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பிறகு வந்த சரஸ்வதி பூசைக்கு யாரோ அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட, தூசிக் கதையை எல்லோரும் மறந்து பயபக்தியோடேயே செருப்பைக் கழற்றினார்கள். அந்த வீதிக் கந்தோரில் குளிரூட்டிய அறை அது ஒன்றுதான். இஞ்சினியருக்கே தலைக்கு மேல் கடகடக்கிற விசிறிதான்.

மக்டலீன் காலை எட்டரையிலிருந்து லேபல் போட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்கு மேல் கரண்ட் இருக்குமென்று நம்ப முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகிற வீதியை வெளிநாட்டு உதவியில் அகலிக்கப் போகிறார்கள். அதற்காக இருபது மீற்றருக்கு ஓரிடத்தில், பேக்கரிப் பாணை வெட்டுவதுபோல வீதியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் என்ன தெரியுமோ அதைப் படமாக்க வேண்டும். நடுக்கோடு, தார், ஓரம், வாய்க்கால், வேலி, அதற்கப்பால் யாரோ ஒருவருடைய வளவு. ஒவ்வொரு புள்ளிக்கும் நடுக்கோட்டிலிருந்து தூரம், உயரம், அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று மூன்றையும் அடிக்க வேண்டும். தூரத்துக்கு முன்னால் கழித்தல் அடையாளம் போட்டால் புள்ளி இடது பக்கம் போகும். கூட்டல் போட்டால் வலது பக்கம். மிச்சத்தை மிசின் பார்த்துக்கொள்ளும்.

மிசின் பார்த்துக்கொள்ளாத ஒன்றும் இருந்தது. வேலியும் வாய்க்காலும் கிட்டக் கிட்ட இருந்தால் இரண்டின் பெயரையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிடும். இரண்டும் வாசிக்கத் தெரியாமல் சேறாகிக் கிடக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து, விசையை அமத்தி அமத்தி நகர்த்தி, கண்ணுக்கு வடிவாக வைப்பது மக்டலீனின் வேலை. ஒன்பது வருஷமாக அதே கந்தோரில் நாட்சம்பளத்துக்குப் படம் கீறிப் பிரதியெடுத்தவள் அவள். எண்பத்தெட்டின் கலவரத்தில் கொழும்புக்குப் போய் இரண்டு கிழமை பழகிவர வேறு ஒருவரும் சம்மதிக்கவில்லை. அவள் போனாள். திரும்பி வந்த பிறகும் சம்பளம் நாட்சம்பளந்தான்.

பதினொரு மணிபோல் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஏரம்பு வந்து நின்றார். கக்கத்தில் அளவுப் புத்தகம், கையில் ஒரு பழைய நெல்லிரசப் போத்தல். அளவு பார்க்கப் போகிற கூட்டத்தில் தடி பிடிக்கிறவர் அவர். இலக்கம் எழுதிய நீண்ட தடியைச் சொன்ன இடத்தில் ஊன்றி ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். தூரத்தில் லெவல் கண்ணாடிக்குள் பார்த்துச் சிமியோன் எழுதுவார். பன்னிரண்டு வருஷமாகத் தடி பிடித்ததில் ஏரம்புவின் வலது தோள் சற்று உயர்ந்தே போயிருந்தது.

"பிள்ளை, சிமியோன் ஐயா தந்துவிட்டவர். பதினாலாம் கிலோமீற்றரிலையிருந்து பதினாலே அறுநூறு மட்டும் இதுக்குள்ளை கிடக்காம்."

"உள்ளை வாங்கோ ஏரம்பண்ணை. ஏன் வெளியிலை நிக்கிறியள்?"

"காலெல்லாம் செம்மண்." வெளியே நின்றே காலைத் தட்டிவிட்டு, இரண்டு அடி மட்டும் உள்ளே வைத்தார். "நேற்றுப் பட்ட பாடு. சிறுப்பிட்டிச் சென்றியிலை காவல் நிண்ட இந்தியன் ஆமி விடமாட்டன் எண்டிட்டான். ஒழுங்கையளுக்காலை சுத்திப் போய், மற்றப் பக்கத்தாலை வந்து அளந்தம். இந்தாங்கோ, எங்கடை கிணத்துத் தண்ணி."

மக்டலீன் போத்தலை இரண்டு கையாலும் வாங்கினாள். அவள் குருநகர்க்காரி. அங்கே கிணறு தோண்டினால் கடல்தான் வரும். தெருக்குழாயடியில் வாளியை வரிசையில் வைத்துவிட்டுச் சண்டை பிடித்து வளர்ந்தவளுக்கு, புத்தூர்க் கிணற்றுத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணி பாயாசத்துக்குச் சமம். அந்தப் போத்தலைக் கந்தோரில் வேறு எவரும் தொடுவதில்லை. ஏன் தொடுவதில்லை என்று எவரும் சொல்வதுமில்லை. ஏரம்புவுக்கு அது தெரியும். அதனால்தான் நேரே அவளிடம் கொண்டுவருவார்.

"இந்தப் புத்தகத்துக்குள்ளை உந்தக் கிணறும் வருது, பிள்ளை" என்றார். "ரோட்டுக் கரையிலைதான். பதினாலே முந்நூற்றிருபது. சிமியோன் ஐயாட்டைச் சொல்லிப்போட்டு, தடியை அதின்ரை கட்டிலை வைச்சுப் பிடிச்சனான். படத்திலை கிணறு எண்டு வடிவா எழுதிவிடுங்கோ."

"எழுதுவன்தானே. அதுக்குத்தானே இருக்கிறன்."

"இல்லை, பெரிசா எழுதிவிடுங்கோ. பன்னிரண்டு குடும்பத்துக்கும் அது ஒண்டுதான். என்ரை தேப்பன் காலத்திலை அருளம்பலத்தாற்றை கிணத்தடியிலை குடத்தை வைச்சிட்டு நிக்கிறது. நாங்கள் துலாக்கொடியிலை கை வைக்கேலாது. ஆரும் இரங்கி வந்து அள்ளி ஊத்தினா உண்டு. ஊத்தாட்டி வெறுங்குடம். எழுபத்திரண்டிலை நாங்கள் ஆம்பிளையள் எல்லாரும் சேந்து வெட்டினம். சும்மா மண்ணே? முழுக்கக் கல்லு. பத்து மாசம் அலவாங்காலை கல்லு உடைச்சம்." அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "ரோடு அகலிக்க வருகினம் எண்ட நாளிலையிருந்து மனிசிக்கு நித்திரையில்லை."

அவர் போன பிறகு மக்டலீன் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினாள். முப்பத்தொரு வெட்டு. பன்னிரண்டு மணிக்குள் முடிக்க வேண்டும். வலது என்று எழுதியிருந்தால் கூட்டல், இடது என்று எழுதியிருந்தால் கழித்தல். கண் புத்தகத்தில் ஒரு வரி, திரையில் ஒரு வரி என்று ஓடியது. பதினாலே முந்நூற்றிருபது வந்தது. வலது, ஆறரை மீற்றர், கிணற்றுக் கட்டு. அடித்தாள். பச்சைக் கோடு திரையில் நடந்துபோய், வலது பக்கத்தில் செங்குத்தாகக் கீழே விழுந்து, மறுபடி மேலே ஏறியது. பக்கத்திலிருந்த வேலியின் பெயர் கிணற்றின் பெயர்மேல் ஏறிக்கொண்டு நின்றது. மற்றப் படங்களில் ஒருதரம் இரண்டுதரம் நகர்த்தி விட்டுவிடுகிறவள், இதில் பதினொரு தரம் விசையை அமத்தினாள். கிணறு என்ற சொல் ஒன்றோடும் முட்டாமல், தனக்கென்று இடம் எடுத்துக்கொண்டு நிற்கும்வரை அவளுக்குத் திருப்தி வரவில்லை.

அடுத்த கிழமை இஞ்சினியர் சிவசுப்பிரமணியம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஓட்டை விழுந்த காலுறையோடு வந்து திரைக்கு முன்னால் நின்றார். ஓய்வுக்கு ஒரு வருஷம் கிடந்தது. வீதி எந்தப் பக்கம் எவ்வளவு நகரவேண்டும் என்று தீர்மானிக்கிறவர் அவர். ஒவ்வொரு வெட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் பதினாலே முந்நூற்றிருபதில் நின்றார்.

"இது குடிக்கிற கிணறோ?"

"ஓம் சேர். எங்கடை ஏரம்பண்ணையவையின்ரை. பன்னிரண்டு குடும்பம்."

"இடது பக்கம்?"

"மதில். அங்காலை புகையிலைத் தோட்டம்."

"அருளம்பலத்தாற்றை மதில்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அருளம்பலம் அந்த ஊர்க் கோயிலை நடத்துகிறவர். அவருக்கு வேண்டியவர்கள் கந்தோருக்குள்ளும் இருந்தார்கள். மேலேயும் இருந்தார்கள். இஞ்சினியர் துடைத்த கண்ணாடியையே இன்னொரு தரம் துடைத்தார். "மதிலை இடிச்சா இன்னொரு மதில் கட்டலாம். உந்தக் கல்லுப் பூமியிலை இன்னொரு கிணறு ஆர் வெட்டுறது? இருநூறிலையிருந்து நானூறு மட்டும் முழு அகலத்தையும் இடது பக்கம் எடும். வலது பக்கம் ஒரு சாண் தொடக்கூடாது. கிணத்துக்கு மேலை அப்பிடியே எழுதிவிடும்."

மக்டலீன் ஆங்கிலப் பேரெழுத்தில் எழுதினாள்: கிணறு, தொடக்கூடாது. அன்று மத்தியானம் வாகனக் கொட்டிலுக்குப் போய் ஏரம்புவிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவர் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அடுத்த நாள் போத்தலோடு ஒரு சீப்புக் கதலி வாழைப்பழமும் வந்தது. அந்த அறைக்குள் வந்து, தன் கிணற்றைத் திரையில் பார்த்துவிட்டுப் போனார். "எங்கடை கிணறு ரெலிவிசனிலை வந்திட்டுது" என்று கொட்டிலில் எல்லோருக்கும் சொன்னார். மக்டலீனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒன்பது வருஷத்தில் அவள் எழுதிய ஒரு பெயரால் ஒருவருக்கு நல்லது நடந்தது அதுதான் முதல்தரம்.

படங்கள் கொழும்புக்குப் போய்க் கையெழுத்தோடு திரும்பி வந்தன. கிராமத்துக் கந்தோரில் அறிவித்தல் ஒட்டினார்கள். பதினாலே இருநூறு முதல் பதினாலே நானூறு வரை வீதியின் இடது பக்கக் காணி எடுக்கப்படும், காணி உறுதிப் பத்திரம் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் வரலாம் என்று அதில் கிடந்தது. எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால் இடது என்று அதில் இல்லை. ஏரம்புவின் ஆட்கள் அது மதில் பக்கந்தான் என்று நினைத்துப் பேசாமல் இருந்தார்கள். உறுதியோடு ஒருவரும், அருளம்பலத்தார்கூட, வரவில்லை. ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கோவையை மூடினார்கள்.

ஆவணி மாதம், வீதி எல்லைக்கு முளை அடிக்கத் தொடங்கிய இரண்டாம் நாள், ஏரம்பு சைக்கிளில் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றவில்லை. செம்மண் காலோடு நேரே மக்டலீனின் மேசைக்கு வந்தார். கையில் போத்தல் இல்லை.

"பிள்ளை, முளை எங்கடை கிணத்துக் கட்டுக்குள்ளை விழுகுது."

"இருக்காது ஏரம்பண்ணை. அது மற்றப் பக்கம்."

"நான்தானே முளையைப் பிடிச்சனான். சிமியோன் ஐயா படத்தைப் பாத்து இடது எண்டு சொல்லுறார். நான் இடது பக்கம் நாடாவைப் பிடிச்சுக்கொண்டு போறன். போனா எங்கடை கிணறு. இரண்டு தரம் அளந்து பாத்தம்."

மக்டலீன் அலுமாரியைத் திறந்து பழைய அளவுப் புத்தகத்தை எடுத்தாள். பதினாலாம் கிலோமீற்றர்ப் பக்கத்தை விரித்தாள். எண்களெல்லாம் சரியாகவே இருந்தன. பிறகுதான் அவள் கண் பக்கத்தின் மேல் மூலைக்குப் போனது. அங்கே பென்சிலால் ஒரு சின்ன அம்பு. தலை கீழ்நோக்கி.

அந்த அம்பு சிமியோனின் பழக்கம். யாழ்ப்பாணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அளந்தால் அம்பு மேலே பார்க்கும். திரும்பி யாழ்ப்பாணத்தைப் பார்த்து வந்தால் அம்பு கீழே பார்க்கும், அப்படியானால் புத்தகத்தின் வலது உண்மையில் இடது. வீதியின் கணக்கு யாழ்ப்பாணத்திலிருந்துதான் தொடங்கும் என்பதால் படத்தில் அதை மாற்றிப் போட வேண்டும். கையால் கீறிய காலத்தில் மக்டலீன் முதலில் பார்ப்பதே அந்த அம்பைத்தான். கீழே பார்த்தால் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டே பேனையை எடுப்பாள். மிசின் வந்த பிறகு அவள் எண்களை மட்டும் பார்த்தாள். மிசின் கேட்டது எண்களை மட்டுந்தான். சென்றியில் விடவில்லை, மற்றப் பக்கத்தால் வந்து அளந்தோம் என்று இந்த மனிதர் இதே இடத்தில் நின்று வாயால் சொன்னது அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது.

"என்ன பிள்ளை?"

"என்ரை பிழை ஏரம்பண்ணை" என்றாள். "நான் மாறிப் போட்டிட்டன். இருங்கோ, திருத்தலாம். இப்பவே திருத்தலாம்."

திருத்தினாள். முப்பத்தொரு வெட்டிலும் கூட்டலைக் கழித்தலாகவும் கழித்தலைக் கூட்டலாகவும் மாற்ற இருபது நிமிஷம் எடுத்தது. கிணறு வலது பக்கத்திலிருந்து தன் பெயரையும் தூக்கிக்கொண்டு இடது பக்கத்துக்கு வந்தது. மதில் வலது பக்கம் போனது. ஏரம்பு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அவ்வளவுதானே?" என்று கேட்டார். அவர் குரலில் உயிர் வந்திருந்தது.

சிமியோன் பின்னேரம் வந்ததும் கதிரையில் தொப்பென்று இருந்தார். அவரும் குருநகர்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் அவளுக்கு இரண்டு வாங்கு வரிசை முன்னால் முழங்காலில் நிற்பவர்.

"நான் அம்பு போட்டனான் மக்டலீன்."

"போட்டிருக்கிறியள். நான்தான் பாக்கேல்லை."

"உந்த மிசினிலை அம்புக்கு இடமில்லையோ?"

"இல்லை அண்ணை."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவளைக் குற்றம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தன்னைக் குற்றம் சொல்லவும் வழி தெரியவில்லை.

அடுத்த நாள் காலை மக்டலீன் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒரு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு இஞ்சினியரிடம் போனாள். பிழை முழுவதும் தன்னுடையது, அளவுப் புத்தகத்தில் குறிப்பு இருந்தும் தான் கவனிக்கவில்லை என்று கடிதத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தாள். அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விசிறி கடகடத்தது.

"இது கொழும்புக்குப் போனா அண்டைக்கே உம்மை நிப்பாட்டுவினம். தெரியுமோ?"

"தெரியும் சேர்."

"வீட்டிலை ஆர் உழைக்கிறது?"

"நான்தான். அம்மாவும் தங்கச்சியும் இருக்கினம்."

"பிறகேன் இதை எழுதினீர்?"

"கிணறு, சேர்" என்றாள். வேறு சொல் வரவில்லை.

சிவசுப்பிரமணியம் யன்னலைப் பார்த்தார். "கையெழுத்தான படத்தை மாத்திறதெண்டா முதலிலையிருந்து தொடங்கவேணும். புது அறிவித்தல். வலது பக்கமெண்டா அருளம்பலத்தார் அப்புக்காத்தோடை வழக்குக்கு வருவார். மார்கழிக்குள்ளை வேலை முடியாட்டி வெளிநாட்டுக்காரர் விட்டிட்டுப் போயிடுவினம். ஏரம்பு ஆக்களிட்டைக் காணி உறுதியும் இல்லை. பாதிக் கிணறு ரோட்டுக் காணிக்குள்ளைதான் நிக்குது."

"நீங்கள்தானே சேர் சொன்னனீங்கள், மதிலை இடிச்சாக் கட்டலாம் எண்டு."

"சொன்னனான்." அவர் குரல் தாழ்ந்தது. "ஒருக்காத் துணிஞ்சு அந்த மதிலிலை கை வைச்சன், பிள்ளை. அந்தத் துணிவு ஒருக்காத்தான் வரும். இப்ப அவருக்கும் விஷயம் தெரியும். நேற்றே ஆள் அனுப்பிப்போட்டார், படத்திலை உள்ளபடி செய்யட்டாம்."

அவர் அவள் கடிதத்தை நாலாக மடித்தார். கிழிக்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து, பழைய பஸ் நேர அட்டவணைகளுக்கும் தலையிடிக் குளிசைகளுக்கும் இடையில் வைத்து மூடினார்.

"உம்மடை வேலைக்கு ஒண்டும் வராது. நீர் போம்."

அந்தச் சொல்தான் மக்டலீனைச் சுட்டது. வேலை போயிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள். அவள் செய்த பிழையால் அவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் இழப்பு என்றால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கொட்டிலில் ஏரம்பு காத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"மாத்தேலாதாமோ?"

"ஏலாதாம்."

"மிசினிலை மாத்தினீங்கள்தானே. நான் பாத்தனான்."

"ஓம். மிசினிலை மாத்தினன்."

"பிறகென்ன?"

அவள் அழத் தொடங்கியதும், "நீங்கள் ஏன் அழுறியள், பிள்ளை, விடுங்கோ" என்று அவர்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

பன்னிரண்டு குடும்பமும் சேர்ந்து மேலிடத்துக்கு ஒரு மனு அனுப்பினார்கள். மக்டலீன்தான் எழுதிக் கொடுத்தாள். கையெழுத்து நாலு, மிச்சமெல்லாம் பெருவிரல். ஒரு மாதத்தில் பதில் வந்தது, மரியாதையான பதில். அங்கீகரிக்கப்பட்ட படத்தைத் தாம் பரிசீலித்ததாகவும், அதன்படி குறித்த கிணறு வீதியின் வலது பக்கத்தில் இருப்பதாகவும், அது எக்காரணம் கொண்டும் தொடப்படமாட்டாதென்றும், மனுதாரர் அச்சப்படத் தேவையில்லை என்றும் எழுதியிருந்தார்கள். அதற்குச் சாட்சியாகப் பதினாலே முந்நூற்றிருபதின் படத்தையும் கூட இணைத்திருந்தார்கள். பதினொரு தரம் நகர்த்தி வைத்த அந்த லேபல் தெளிவாகத் தெரிந்தது.

மாரிக்கு முன்பு கிணற்றை மூடினார்கள். முதல் நாள் பகல் முழுக்கப் பெண்கள் மாறிமாறி அள்ளினார்கள். பானை, சட்டி, அண்டா, பிள்ளை குளிப்பாட்டுகிற பேசின் என்று வீட்டில் வாய் திறந்த எல்லாவற்றையும் நிரப்பினார்கள். அது மூன்று நாளைக்குக் காணும். ஏரம்பு கப்பியையும் கயிற்றையும் வாளியையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். காலையில் லொறி வந்து பின்பக்கத்தைத் தூக்கியது. முதல் லொறிக் கல் விழுந்தபோது தண்ணீர் சத்தம் போட்டது. மூன்றாவது லொறியோடு சத்தம் நின்றுவிட்டது. ஏரம்பு தடியோடு வீதியின் மறுகரையில் நின்றார். அன்றைக்கும் அவருக்கு வேலை நாள்தான்.

கார்த்திகையில் தார் போட்டு முடிந்ததும், முடிந்த வேலையின் வெட்டுப் படங்கள் கேட்டுக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. சிமியோன் மறுபடி அளந்தார். இந்தமுறை ஒவ்வொரு பக்கத்திலும் அம்பு பெரிதாக, மையால், இரண்டு தரம் அழுத்திக் கீறியிருந்தது. எல்லா அம்பும் மேலேதான் பார்த்தன. பதினாலே முந்நூற்றிருபது. இடது, ஆறரை மீற்றர். அதற்கு நேரே சிமியோனின் கையெழுத்தில் ஒரு சொல்: நிலம்.

மக்டலீன் அடித்தாள். கழித்தல், ஆறு தசம் ஐந்து, நிலம். பச்சைக் கோடு அந்தப் பக்கம் விழாமல் எழும்பாமல் மட்டமாகப் போனது. அங்கீகரித்த படத்தில் உள்ள கோடோ குறிப்போ ஒன்றையும் எடுக்கக்கூடாது என்பது இஞ்சினியரின் உத்தரவு. ஆகவே வலது பக்கத்தில், அருளம்பலத்தாரின் புகையிலைக் கன்றுகள் நிற்கிற இடத்தில், அந்தக் கிணறும் அதே செங்குத்துக் கோட்டோடு கிடந்தது. மேலே பேரெழுத்தில் தொடக்கூடாது என்ற சொல்லும் கிடந்தது. இந்தமுறை ஒரு லேபலும் மற்றதன்மேல் ஏறவில்லை. நகர்த்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

"பிள்ளை."

கதவுக்கு வெளியே ஏரம்பு. செருப்பைக் கழற்றி, காலைத் தட்டி, பழையபடி இரண்டு அடி உள்ளே வந்தார். இரண்டு மாதத்தில் ஆள் வற்றிப்போயிருந்தார்.

"எங்கடை துண்டோ அது?"

கரண்ட் நின்றுவிடாதா என்று மக்டலீன் ஒரு கணம் ஆசைப்பட்டாள். அது நிற்கவில்லை. அவர் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் அந்தக் கோடு செங்குத்தாக விழுந்து ஏறுகிற இடம் அவருக்குத் தெரியும்.

"கிடக்குத்தானே" என்றார்.

அவள் குனிந்துகொண்டாள்.

"உதுக்குள்ளை தண்ணி இருக்குமோ, பிள்ளை?"

கேலியாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் பதிலுக்கு நிற்கவும் இல்லை. "அந்தப் பழைய போத்தல் கிடந்தாத் தாங்கோ" என்றார். "கந்தோர்க் குழாயிலை பிடிச்சுக்கொண்டு போறன். இரண்டு தண்ணிக் கான் கொண்டுவந்தனான். அதுக்கு மேலை சைக்கிள் தாங்காது, போத்தலெண்டாச் சட்டைக்குள்ளை வைக்கலாம்."

"புத்தூர் வரைக்குமோ? இஞ்சையிருந்தோ?"

"மனிசிக்கு முழங்கால் ஏலாது. விடியவே போய் அருளம்பலத்தாற்றை கிணத்தடியிலை குடத்தோடை நிக்கிறா. அள்ளி ஊத்திற பெட்டை சில நாள் பத்து மணிக்குத்தான் வருது. குடிக்கிறதுக்கெண்டாலும் நான் கொண்டுபோனா, அவ ஒரு குடத்துக்கு நிண்டாக் காணும்."

மக்டலீன் மேசைக்கடியில் கிடந்த நெல்லிரசப் போத்தலை எடுத்தாள். கழுவித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார், அது அவருடைய தண்ணீர் இருந்த போத்தல்தானே.

யன்னலால் பார்த்தபோது, முற்றத்துக் குழாயில் தண்ணீர் நூலளவில் வந்துகொண்டிருந்தது. கான் இரண்டும் நிரம்பிச் சைக்கிளின் இரு பக்கமும் தொங்கின. ஏரம்பு குழாயடியில் குந்தியிருந்து, போத்தலின் வாயைக் குழாயோடு ஒட்டி, தடி பிடிக்கிற அதே கையால் ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கழுத்துவரை நிரம்பியதும் வெளிச்சத்தில் தூக்கி ஒருதரம் பார்த்தார். மூடியை இறுக்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் தாண்டிப் புதிதாகத் தார் போட்ட வீதிக்குப் போனார்.